அப்பாயியின் தகரம், அப்பாவின் அட்டை

சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சுற்றுலாக் கப்பல் போகத் தொடங்கியது 2023 ஜூனில். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று துறைமுகங்களைத் தொட்டுவிட்டுச் சென்னைக்கே திரும்பும் பயணம். அதே ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் வந்தது, சில நாளில் நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. பத்திரிகைகள் இதையெல்லாம் புதிய தொடக்கம் என்று எழுதின. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இந்தக் கடல் புதிதல்ல. துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து என் அப்பாயி, அப்பாவின் அம்மா, சிறுமியாக இதைக் கடந்து போனார். அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு எதிர்த்திசையில் கடந்து வந்தார். இப்போது நான் சுற்றுலாப் பயணியாகப் போய்த் திரும்பியிருக்கிறேன். மூன்று தலைமுறைக்கும் கடல் ஒன்றுதான், அதைக் கடக்கக் கேட்ட அத்தாட்சிதான் வேறு. ஒருவர் கப்பலில் பயணியாக ஏறுகிறாரா, சரக்காக ஏற்றப்படுகிறாரா என்பதை அந்த அத்தாட்சியே முடிவுசெய்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்பாயி போனது 1920ஐ ஒட்டி இருக்கலாம். மூத்தவர்கள் சொன்னதை வைத்து நாங்கள் போட்ட கணக்கு அது. அவருக்குப் பிறந்த ஆண்டே தெரியாது. அந்தக் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கூலிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. தகரத் துண்டுதான். 1901ல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு. கங்காணி ஊர் ஊராகப் போய் ஆள் சேர்ப்பார். சேர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் சின்னத் தகர வில்லை ஒன்று கொடுப்பார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள், எத்தனையாவது ஆள் என்பதற்கான எண்கள் அதில் பொறித்திருக்கும். பெயர் இருக்காது. கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிவிடுவார்கள். அதைக் காட்டினால் ரயிலிலும் கப்பலிலும் காசு கேட்கமாட்டார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். அங்கிருந்து கங்காணி வழியாகக் கூலியின் தலையில் கடனாக இறங்கும். திருச்சியில்தான் இலங்கைத் தோட்டத்துரைமார் நடத்திய தொழிலாளர் ஆணையத்தின் தலைமை அலுவலகம் இருந்தது. காவிரிக் கரையில் பஞ்சம் வந்த ஊர்களின் சனங்கள் அங்கிருந்துதான் எண்களாக மாறினார்கள்.

"சந்தைக்குப் போற ஆட்டுக்குக் கட்டுற மாதிரி கட்டுனாங்க பாப்பா. குளிக்கிறப்பகூட கழட்டக் கூடாதுன்னு கங்காணி சொல்லிட்டாரு" என்பார் அப்பாயி. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய தொற்றுத் தடுப்பு முகாமில் சில நாள் தங்கவைத்தார்கள். உடுத்தியிருந்த துணியைக் கழற்றி வாங்கி ஆவியில் வேகவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். கையில் அம்மை குத்தினார்கள். இருமுகிறவர்களைத் தனியே நிறுத்தினார்கள். அதே மண்டபத்தைத் தாண்டி முதல் வகுப்பில் போன துரைமாருக்கு இந்தச் சடங்குகள் இல்லை. பாம்பன் பாலம் 1914ல் திறந்தபிறகு சென்னையில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கே காத்திருக்கும் கப்பலில் தலைமன்னார், பிறகு மறுபடி ரயில், கொழும்பு. போட் மெயில் என்று பெயர் பெற்ற அந்தப் பயணத்தை நினைவுகூர்ந்து பெருமையாக எழுதியவர்கள் நிறையப் பேர். அதே ரயிலில், அதே கப்பலில், கழுத்தில் எண்ணோடு போனவர்கள் எழுதவில்லை. அவர்களுக்கு எழுதத் தெரியாது.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் தகரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள் என்று அப்பாயி சொல்லுவார். ஆள் ஒப்படைக்கப்பட்டாயிற்று, கணக்கு எழுதியாயிற்று, பிறகு தகரம் எதற்கு? அவர் எந்த ஆண்டில், எந்தத் துறையில் இறங்கினார் என்பதற்கு இருந்த ஒரே அடையாளம் அதோடு போயிற்று. அன்றைக்கு அதை யாரும் இழப்பாக நினைத்திருக்கமாட்டார்கள். அதன் விலை முப்பது ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது.

1948ல் சுதந்திர இலங்கை தன் முதல் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் அங்கேயே பிறந்தவர் என்று காட்டவேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்கவேண்டும். தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்து அறையில், மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று எங்கிருந்து வரும்? தோட்டத்துப் பிறப்புகள் பல பதிவே ஆகவில்லை. மறு ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளருக்கென்று இன்னொரு சட்டம் வந்தது. மணமானவர் ஏழாண்டு, மணமாகாதவர் பத்தாண்டு தொடர்ந்து அங்கே வசித்ததை நிரூபித்து விண்ணப்பிக்கலாம் என்றார்கள். சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. சுமார் 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. 1949 நவம்பரில் குடிவரவுச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அதுவரை அக்கரையும் இக்கரையும் ஒரே வீட்டின் திண்ணையாக இருந்த சனத்துக்கு, ஊரில் சாவு விழுந்தால் போய்வரக்கூட விசா என்று ஆயிற்று. தேயிலையை நட்டு, கொழுந்து பறித்து, அந்த நாட்டின் அன்னியச் செலாவணியைத் தலையில் கூடையாகச் சுமந்த பல லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் உரிமையில்லாதவர்களானார்கள். கள்ளத்தோணி என்று அவர்களை ஏசுவது சாதாரணப் பேச்சாகிவிட்டது. தோணியில் ஒளிந்து வந்தவர்கள் அல்ல அவர்கள். அரசாங்கமே எண் போட்டு, அம்மை குத்தி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தவர்கள்.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேர் என்று தொகை வைத்துக்கொண்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்த மிச்சத்தை 1974ல் ஆளுக்கு 75,000 என்று பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. மனிதரைப் பங்கு பிரித்த ஒப்பந்தம் அது என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை.

அப்பா இந்தியாவுக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டார். எழுதாதவர்கள் எத்தனை காலம் தாக்குப்பிடிக்க முடியும் என்ற பயம் எல்லா லயத்திலும் இருந்தது. இந்தியக் குடியுரிமை வந்ததும் கையில் ஒரு நீல பாஸ்போர்ட். கூடவே இலங்கையில் தங்கியிருக்க ஒரு தவணை. தவணை முடிவதற்குள் கிளம்பிவிடவேண்டும். சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் தோட்டத்து ஆபீசுக்கும் ஊருக்கும் அலைந்து திரிந்தார் அப்பா. எல்லாவற்றையும்விடப் பெரிய தாள் குடும்ப அட்டை. கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்தது. குடும்பத்தார் பெயர், வயது, உறவு, இந்தியாவில் போய்ச் சேரவேண்டிய இடம், கிடைக்கவேண்டிய மறுவாழ்வு உதவி எல்லாம் அதில் இருக்கும். அதைத் தொலைத்தால் அக்கரையில் நாம் யாருமில்லை என்று அப்பா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. மழைக்காகிதத்தில் சுற்றி, அப்பாயியின் சுருக்குப்பையில் வைத்து, பையை அவர் இடுப்பில் செருகிக்கொண்டார். தகரத்தைப் பறிகொடுத்தவர் அட்டையைக் காத்தார்.

1976ல் இலங்கையின் மலைப்பகுதியான மலையகத்தில், அட்டனில் கோச்சி (ரயில்) ஏறினோம். அந்தக் கோச்சிக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். போகிறவர்கள் சன்னலில் தொங்கிக்கொண்டு அழுவார்கள்; மேடையில் நிற்பவர்கள் மண்ணில் விழுந்து அழுவார்கள். ஓர் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று விழுந்த குடும்பங்கள் எத்தனையோ. எங்கள் சித்தப்பா இலங்கைக்கு எழுதியவர். அவர் அட்டன் மேடையிலேயே நின்றுவிட்டார். அப்பாவும் அவரும் அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. தலைமன்னாரில் பெட்டிகளைத் திறந்து, துணிகளை உதறிப் பார்த்தார்கள். அம்மியையும் உரலையும் விட்டுவரச் சம்மதிக்காத கிழவிகள் அங்கே சண்டை பிடித்தார்கள். ராமானுஜம் என்ற கப்பலில் ஏற்றினார்கள். பிள்ளைகளுக்குத் தனி பாஸ்போர்ட் இல்லை. என் பெயர் அம்மாவின் பாஸ்போர்ட்டில் பிள்ளைகளுக்கான பக்கத்தில் இருந்தது. ராமேஸ்வரத்தில் இறங்கி வரிசையில் நின்றோம். அங்கிருந்து மண்டபம் முகாம். அதே முகாம்தான். சிறுமியாகத் துணியைக் கழற்றிக் கொடுத்த இடத்தில் கிழவியாக வந்து இறங்கிய அப்பாயி, எந்தக் கொட்டகையில் ஆவி வைத்தார்கள் என்று எங்களுக்குக் காட்ட முயன்றார். கொட்டகைகள் மாறிப்போயிருந்தன.

பிறகு கோத்தகிரி. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியிருந்தது. அங்கே எங்களுக்கு மறுபடியும் லயம், மறுபடியும் கொழுந்து. ஊர்க்காரர்கள் எங்களைச் சிலோன்காரர் என்றார்கள். இலங்கையில் இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். நான் படித்து ஆசிரியை ஆனேன் என்பதோடு அந்தக் கதையை நிறுத்திக்கொள்கிறேன்.

கப்பல் சுற்றுலா என் மகளின் யோசனை. "உங்க அப்பாயி போன கடல்ல ஒரு தடவ சும்மா சந்தோஷமா போய்ட்டு வாங்கம்மா" என்றாள். அதற்கு முதலில் எனக்குப் பாஸ்போர்ட் வேண்டும். பிறந்த இடம் அட்டன், இலங்கை என்று எழுதியதும் குடியுரிமைக்கு ஆதாரம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்த இளைஞர் அட்டையை இரண்டு கையாலும் வாங்கி, மடிப்பு கிழியாமல் விரித்துப் படித்தார். "எங்க ஆச்சியும் இப்படித்தாம்மா வந்தாங்க, கூடலூருக்கு. இத லேமினேட் மட்டும் பண்ணிறாதீங்க, அப்புறம் ஒரிஜினலான்னு பாக்க முடியாது" என்றார். அட்டையில் அம்மா பெயர் இலங்கை வழக்கப்படி லெட்சுமி, ஆதாரில் லக்ஷ்மி. ஆங்கில எழுத்தில் இரண்டும் இரண்டு ஆள். இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. தாயகம் திரும்பிய எந்தக் குடும்பத்தை வேண்டுமானாலும் கேளுங்கள், இந்த எழுத்துச் சிக்கல் இல்லாத வீடு இருக்காது.

கப்பல் டிக்கெட் போடும்போது அடுத்த கேள்வி வந்தது. "அம்மா, சர்நேம் கேக்குது. என்ன போடுறது?" நமக்கு ஏது சர்நேம்? பெயரும் இனிஷியலும்தான். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஓர் எழுத்து, ஓர் இடைவெளி மாறாமல் டிக்கெட்டிலும் இருக்கவேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதியிருந்தால் டிக்கெட்டிலும் விரித்து எழுதவேண்டும். தமிழர்கள் வெளிநாட்டுப் பயணத்தில் அதிகம் தடுமாறுகிற இடம் இதுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். டிக்கெட்டில் இனிஷியல் மட்டும் போட்டுவிட்டுத் துறைமுகத்தில் போய் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.

மற்றவை எல்லாரும் சொல்வதுதான், ஆனாலும் முதல்முறை போகிறவர்களுக்குத் தெரியாது. பயணம் முடியும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாகவேண்டும். முத்திரை குத்த வெற்றுப் பக்கம் வேண்டும். இலங்கைக்கான ஈடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதியைக் கப்பல்காரர்களே வாங்கித் தருகிறார்களா, நாமே வாங்கவேண்டுமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. இந்தியக் கரையை விட்டு வேறு நாட்டைத் தொடாத கப்பலென்றால் ஆதாரோ வாக்காளர் அட்டையோ போதும் என்பார்கள். வேறு நாட்டுத் துறைமுகம் ஒன்றே ஒன்று வந்தாலும் பாஸ்போர்ட் இல்லாமல் ஏற்றமாட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பி மலேசியாவையோ தாய்லாந்தையோ தொட்டுவிட்டு அங்கேயே திரும்புகிற கப்பலில், திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. ஒரு முறை நுழையத்தக்க விசாவை வைத்துக்கொண்டு போனால் வந்து இறங்க முடியாது. பேரப்பிள்ளைகளைத் தாத்தா பாட்டி மட்டும் அழைத்துப்போனால் பெற்றோரின் சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும். பெரிய பெட்டியைத் துறைமுக வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அது அறைக்கு வந்துசேர வெகுநேரம் ஆகும். ஆகவே பாஸ்போர்ட்டும் மருந்தும் கைப்பையிலேயே இருக்கவேண்டும். அப்பாயியின் சுருக்குப்பை சரியான ஏற்பாடு.

சென்னைத் துறைமுக முனையத்தில் விமான நிலையம் போலவே எல்லாம் நடந்தது. பை சோதனை, குடிவரவு அதிகாரி, முத்திரை. உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர், "வாங்கம்மா" என்ற வரவேற்பு. ஏறும்போது முகத்தைப் படம் பிடித்துக்கொண்டு ஓர் அட்டை கொடுத்தார்கள். அறைக் கதவைத் திறப்பது அதுதான், செலவைக் கணக்கில் ஏற்றுவதும் அதுதான். கரையில் இறங்கும்போதும் ஏறும்போதும் கருவியில் காட்டவேண்டும்; யார் கப்பலில் இருக்கிறார், யார் இன்னும் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆபத்து நேரத்தில் எந்த இடத்தில் கூடவேண்டும் என்பதற்கான எழுத்தும் அதில் அச்சிட்டிருந்தது. தொலைக்காமல் இருக்க நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். என்னைச் சுற்றி எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள், பிள்ளைகள் விளையாட்டாக, பெரியவர்கள் பெருமையாக. நான் மாட்டிக்கொள்ளக் கொஞ்சம் நேரமானது. மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை.

அப்பாயியின் தகரமும் இந்த அட்டையும் செய்கிற வேலை பெரும்பாலும் ஒன்றுதான் என்பதை அன்றிரவு யோசித்தேன். இரண்டும் ஆளைக் கணக்கு வைக்கின்றன, இரண்டும் செலவை எழுதுகின்றன, இரண்டும் கழுத்தில் தொங்குகின்றன. ஆனால் என் அட்டையில் என் பெயர் இருந்தது. அதில் ஏறிய கடன் நானே விரும்பி வாங்கிய காபிக்கும் பழச்சாற்றுக்கும் ஆனது. இறங்கும் நாளில் அதை யாரும் கழற்றி வாங்கவில்லை. கணக்கு வைப்பதை நான் குறை சொல்லவில்லை. கடலில் போகிற கப்பல் ஆளை எண்ணாமல் இருக்கமுடியாது. எண்ணப்படுகிறவருக்குத் திரும்பிப் போகும் உரிமையும் பெயரும் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

புறப்படும் முன்னர் அவசரகாலப் பயிற்சிக்காகக் கூடும் இடத்தில் எல்லாரையும் நிறுத்திச் சரிபார்த்தார்கள். தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் கணக்குப்பிள்ளை பெயர் கூப்பிடும்போது அம்மா பனியில் நின்றது என் நினைவுக்கு வந்தது. அங்கே தாமதமாக வந்தால் அரைப்பேர், பாதிக் கூலிதான். இங்கே தாமதமாக வந்த ஒருவருக்காக ஒரு கப்பல் ஊழியர் புன்னகையோடு காத்திருந்தார்.

அம்பாந்தோட்டையில் இறங்கினோம். அங்கிருந்து அட்டன் பல மணி நேர மலைப்பாதை. கப்பல் நிற்கிற நேரத்துக்குள் போய்த் திரும்ப வழியே இல்லை. சித்தப்பாவின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். மலையகத்திலிருந்து புறப்பட்டு வந்த தங்கச்சி ஒருத்தி, சித்தப்பாவின் மகள், துறைமுகத்துக்கு வெளியே வந்து காத்திருந்தாள். அவள் கையில் இலங்கை அடையாள அட்டை, என் கழுத்தில் கப்பல் அட்டை. ஒரே பாட்டியின் பேத்திகள் நாங்கள். "அக்கா, பெரியப்பா சாகும்போது எங்கள நெனச்சாரா?" என்று கேட்டாள். நினைத்தார் என்றேன். உண்மை அதுதான். திரும்பும் நேரம் அட்டையோடு கொடுத்த தாளில் அச்சிட்டிருந்ததால் நாங்கள் அதிகம் பேச முடியவில்லை. அடுத்த முறை நாகப்பட்டினக் கப்பலில் வந்து மலையேறி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பாஸ்போர்ட் இருக்கிறது, வருவேன்.

இதை எழுத என்னைத் தூண்டியது இந்தக் கடைசி வாக்கியம்தான். பாஸ்போர்ட் இருக்கிறது, வருவேன் என்று சொல்லமுடியாத எங்கள் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். 1984ல் ராமேஸ்வரம் கப்பல் நின்றது. இந்திய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு வரமுடியாமல் அங்கேயே தங்கியவர்கள் பல்லாயிரம். 2003ல் இலங்கை இயற்றிய சட்டம் அங்கிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை தந்து அந்தக் கதையை ஒருவாறு முடித்துவைத்தது. ஆனால் இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான 1983 கலவரத்துக்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகுகளில் வந்த மலையகத்தார் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களின் பாட்டன்மார் போனது திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும்தான். எரிகிற லயத்திலிருந்து ஓடிவந்தவர்கள் பாஸ்போர்ட்டும் விசாவும் எடுத்து வரவில்லை என்பதால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள். 2019ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேரவில்லை. 2021ல் தமிழக அரசு முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. நல்ல காரியம். தண்டிக்கமாட்டோம் என்பது குடியுரிமை ஆகாது.

இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்று சட்டம் சொல்கிறது. 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், நீதிமன்றம் போய் இந்திய பாஸ்போர்ட் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அவர் பிறந்த இடம்தான் அப்பாயியின் துணியை ஆவியில் வைத்த இடம். அவரைப்போல அந்தத் தேதிக்கு முன் முகாமில் பிறந்தவர்கள் வேறு யாரும் இருந்தால், உங்கள் பிறப்புச் சான்றைத் தேடி எடுங்கள், விண்ணப்பியுங்கள், மறுத்தால் வழக்கறிஞரைப் பாருங்கள். பிறகு பிறந்தவர்களுக்குச் சட்டம் திருந்தவேண்டும். அதை நாடாளுமன்றம்தான் செய்யவேண்டும், நம் உறுப்பினர்கள் அங்கே கேட்கவேண்டும்.

தாயகம் திரும்பிய குடும்பத்தாருக்கு என் வேண்டுகோள் வேறு. பரணில் கிடக்கும் குடும்ப அட்டையைக் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். மூலத்தை நெகிழியில் ஒட்டாமல் காகித உறையில் வையுங்கள். படம் எடுத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அனுப்பிவையுங்கள். பழைய பாஸ்போர்ட், தோட்டத்துப் பற்றுச்சீட்டு, அட்டனில் எடுத்த குடும்பப் படம் எதுவாக இருந்தாலும் அதோடு சேர்த்து வையுங்கள். உங்கள் பேரப்பிள்ளை கப்பல் ஏறும் நாளில் அது தேவைப்படும்.